சிலர் கருதக்கூடும் (அத்தியாயம் 9)

மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் அரை மார்க்கில் கோட்டை விட்ட ஆங்கிலப் பரீட்சையை நர்ஸம்மா நாளைக் காலை நாலாவது தடவையாக எழுதப் போகிறாள். போன வாரம் இந்த இடத்தில்தான் நிறுத்தினோம்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி. ஊரில் ஒன்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். இங்கே, வெளிநாட்டில், முதியோர் இல்லத்தில் உதவியாளர். குளிப்பாட்டலாம், உடை மாற்றலாம், மாத்திரை டப்பாவைத் தொடக்கூடாது. கட்டுரைத் தாளில் ஒன்பதுக்கு ஏழு வாங்கினால் அதே இல்லத்தில் நர்ஸ் வேலை. அந்த வேலை கிடைத்தால்தான், அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்த ஐந்து வயது மகளை அழைத்துக்கொள்ள முடியும். முன்பெல்லாம் போனை எடுத்ததும் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்ட குழந்தை, இப்போது "பாஸாம்மா?" என்றுதான் ஆரம்பிக்கிறது.

அன்று காலை ஐந்தரை மணிக்கு நர்ஸம்மா பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, குளியலறைக் கதவுக்கு வெளியே இருந்து ஒரு குரல் வந்தது.

"ஃப்ளக்சுவேட்?"

கணவர். நகரப் பேருந்து டிரைவர். மூன்று மாதமாக இந்த வீட்டின் இங்கிலீஷ் வாத்தியார். அவர் தங்கை வைத்த பெயர் ஹெட்மாஸ்டர். கல்லூரிப் படிப்புக்குத் தேவையான ஐந்நூற்றெழுபது வார்த்தைகள் என்று எங்கிருந்தோ ஒரு பட்டியலைப் பிடித்து, சீட்டுச் சீட்டாக வெட்டி, வீடு முழுக்க ஒட்டியிருந்தார். குளியலறைக் குழாயில் 'அபண்டன்ட் - ஏராளம்' என்று ஒட்டியிருந்தது. தண்ணீர் நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது.

"ஏறி ஏறி இறங்குறது," என்றாள் நுரையோடு.

"வாக்கியத்துல வச்சுச் சொல்லு."

"உங்களால என் பிரஷர் ஃப்ளக்சுவேட் ஆகுது. போதுமா? தள்ளி நில்லுங்க, கதவைத் திறக்கணும்."

"சரியான வாக்கியம்தான்," என்றார் டிரைவர், பெருமை தாங்காமல். "பாத்தியா, தானா வருது! இப்ப ஒரு கட்டுரைக்கு இருபது வார்த்தை வைக்கிற. நாளைக்கு இருபத்தஞ்சு வச்சுட்டு வந்துரு. ஏழு எங்க போயிடும்?"

"எங்கயாவது போகட்டும். எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு."

சாப்பாட்டு மேஜையில் சின்னவள் லேப்டாப்பில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள். டிரைவரின் தங்கை, இங்கேயே கல்லூரியில் கடைசி வருஷம். அண்ணியின் கட்டுரைகளைப் பச்சை மையில் திருத்தி மார்க் போடும் பொறுப்பு அவளுடையது. ஆறு வாரமாக எல்லாமே ஏழு, ஏழரை. அந்த ஏழுகளை நம்பித்தான் நர்ஸம்மா நாளைய பரீட்சைக்குத் தைரியமாகப் பதிவு செய்திருந்தாள்.

"ஆல் தி பெஸ்ட் அண்ணி," என்றாள் சின்னவள், நிமிராமலே.

"பரீட்சை நாளைக்குடீ."

"அதான்... அட்வான்ஸா."

* * *

பதினோரு மணிக்கு மேனேஜரம்மா கூப்பிட்டனுப்பினார்.

அறைக்குள் போனதும் மேஜைமேல் கிடந்த தாளைப் பார்த்தாள். அவளுடைய கையெழுத்து. நேற்று அவள் எழுதிக் கொடுத்த விபத்து ரிப்போர்ட்.

நேற்று நடந்தது இதுதான். கேப்டன் என்று எல்லோரும் கூப்பிடும் பெரியவர், காலமெல்லாம் சரக்குக் கப்பலில் இருந்தவர், குளித்து முடித்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நர்ஸம்மா துண்டை எடுக்கத் திரும்பினாள். "நான் புயல்லயே நின்னவன்" என்று சொல்லிக்கொண்டே அவர் எழுந்தார். விழுந்தார். மணிக்கட்டு வீங்கியது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை.

ஷிப்ட் முடியும் நேரத்தில் படிவத்தைக் கொடுத்தார்கள். 'என்ன நடந்தது?' என்ற கேள்விக்குக் கீழே அரைப் பக்கம் வெற்றிடம். மூன்று மாதமாக வெற்றிடத்தைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று பழகியிருந்ததோ, அதைக் கை தன் பாட்டுக்குச் செய்துவிட்டது.

"உட்காரு," என்றார் மேனேஜரம்மா. இங்கிலீஷில்தான் பேசினார், நம் வசதிக்கு இங்கே தமிழில். "இதை நீதானே எழுதினே?"

"ஆமா மேடம்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "'இன்றைய சமுதாயத்தில் முதியோர் விழுதல் என்பது பரவலாக விவாதிக்கப்படும் பிரச்சினை ஆகும்.' நான் உங்கிட்ட சமுதாயத்தைப் பத்தி கேட்டேனா?"

"இல்ல மேடம்."

"'தரையின் ஈரத்தன்மையே முதன்மைக் காரணி என்று சிலர் வாதிடுகின்றனர். மறுபுறம், பாதணிகளின் தரமே காரணம் என்று வேறு சிலர் கருதக்கூடும்.'" கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அந்த ரூம்ல இருந்தது நீயும் கேப்டனும். ரெண்டே பேர். இதுல 'சிலர்' யாரு? 'வேறு சிலர்' யாரு?"

நர்ஸம்மா வாயைத் திறக்கும் முன் மேனேஜரம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு, முடிவுரை வேற இருக்கு. 'முடிவாக, இரு தரப்பிலும் நியாயம் இருப்பதை மறுக்க இயலாது.' ஒரு மனுஷன் பாத்ரூம்ல விழுந்ததுல என்னம்மா ரெண்டு தரப்பு? விழுந்தவர் ஒரு தரப்பு. தரை இன்னொரு தரப்பா?"

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருக்கலாம். மேனேஜரம்மா சிரிக்கவில்லை.

"காலைல அவரோட பையன் வந்தாரு. இதை மூணு தடவை படிச்சாரு. தரை ஈரமா இருந்துச்சா இல்லையான்னு கேட்டாரு, எனக்குப் பதில் சொல்லத் தெரியல. செருப்புல என்ன கோளாறுன்னு கேட்டாரு, அதுக்கும் தெரியல. 'உங்க ஆள் எதையோ மறைக்குறாங்க'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. நான் உன்னை ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மறைக்கிறதுக்காக இப்படி எழுதினியா, எழுதத் தெரியாம எழுதினியா?"

எந்தப் பக்கம் தலையை நீட்டினாலும் வெட்டு. மறைத்தேன் என்றால் இருக்கிற வேலை போகும். எழுதத் தெரியாது என்றால் வரப்போகிற வேலை போகும்.

"மறைக்கல மேடம். பரீட்சைல இப்படித்தான் எழுதணும்."

"யாரு சொன்னது?"

"வீட்ல..." என்றாள். சொன்ன பிறகு தனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

மேனேஜரம்மா ஒரு புதுப் படிவத்தை எடுத்து முன்னால் தள்ளினார். "இங்கயே உட்கார்ந்து எழுது. ஒரு குழந்தை படிச்சாலும் புரியணும்."

நர்ஸம்மா பேனாவை எடுத்தாள். கேப்டனைப் பத்தே காலுக்குக் குளிப்பாட்டினேன். தரையை நானே துடைத்தேன். தரை காய்ந்திருந்தது. அவர் ரப்பர் செருப்பு போட்டிருந்தார். சரசரவென்று ஓடியது. ஊரில் ஒன்பது வருஷம் ஷிப்ட் மாறும்போது எழுதிய குறிப்புகள் எல்லாம் இந்த மாதிரிதான். அங்கே யாரும் அவளுக்கு மார்க் போட்டதில்லை.

அடுத்த வரியில் பேனா நின்றது.

நான் திரும்பினேன்.

இரண்டே சொல். நேற்று இந்த இரண்டு சொல்லும் எங்கே போயிற்று? வேண்டுமென்று விடவில்லை, சத்தியமாக விடவில்லை. ஆனால் 'சிலர்' என்று எழுதியபோது நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியது போல் இருந்ததே, அது மட்டும் இப்போது ஞாபகம் வந்தது. காது மடல் சூடாயிற்று. எழுதினாள். துண்டை எடுக்க நான் திரும்பினேன். அவர் எழுந்தார். நான் பிடிப்பதற்குள் விழுந்தார்.

மேனேஜரம்மா படித்தார். "துண்டு எவ்வளவு தூரத்துல இருந்துச்சு?"

"கை நீட்டுற தூரம்."

"அதையும் எழுது."

எழுதினாள்.

"இதை நேத்தே எழுதியிருந்தா நான் இப்ப நிம்மதியா டீ குடிச்சிட்டு இருப்பேன்," என்றார் மேனேஜரம்மா. "நர்ஸ் வேலைக்கு உன்னைச் சிபாரிசு பண்ணி மேல எழுதியிருக்கேன். அந்த ஃபைல்ல இந்த ரெண்டு பேப்பரும் போகும், தெரியுதா? ரெண்டும்." பிறகு பழைய தாளை விரல் நுனியால் தூக்கிப் பார்த்தார். "ஆமா, இந்த மாதிரி எழுதினா வீட்ல எத்தனை மார்க் போடறாங்க?"

"ஏழு. சில சமயம் ஏழரை."

காய்ச்சல் இல்லை என்று அடம்பிடிக்கும் நோயாளியின் நெற்றியைத் தொட்டுவிட்டுப் பார்ப்போமே, அப்படி ஒரு பார்வை பார்த்தார் மேனேஜரம்மா. பேருந்தில் வீடு வந்து சேரும்வரை அந்தப் பார்வை பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்து வந்தது.

* * *

நாலரை மணி. காலணியைக்கூடக் கழற்றாமல் நர்ஸம்மா நேரே அலமாரிக்குப் போய்க் கட்டுரைக் கட்டை எடுத்தாள். இருபத்து மூன்று கட்டுரைகள். மேலே இருந்ததை உருவிச் சின்னவளின் லேப்டாப் மேல் வைத்தாள்.

"ரெண்டாவது பத்தியைப் படி."

"இப்பவா அண்ணி? நான் ஒரு..."

"படிடீ."

சின்னவள் படித்தாள். நகரத்தில் சொந்தக் கார் வேண்டுமா, பொதுப் பேருந்து போதுமா என்ற தலைப்பு. படித்து முடித்து நிமிர்ந்தாள்.

"இப்ப சொல்லு. நான் பஸ் வேணும்கிறேனா, கார் வேணும்கிறேனா?"

"அது வந்து அண்ணி... ஒரு பக்கம் பார்த்தா..."

"ஒரு பக்கமும் பார்க்க வேணாம். நான் என்ன சொல்ல வர்றேன்? அதை மட்டும் சொல்லு."

சின்னவள் மறுபடி தாளைப் பார்த்தாள். தாளின் மூலையில் அவளே வட்டம் போட்ட ஏழரை அவளைப் பார்த்தது.

"தெரியல அண்ணி."

"தெரியாததுக்கு எதுக்கு ஏழரை?"

சின்னவள் தாளைக் கவிழ்த்துப் போட்டாள்.

"உன்னைத்தான் கேக்குறேன். என்ன சொல்றேன்னே தெரியாத கட்டுரைக்கு ஏழரை போட்டது நீதானே? கையெழுத்து உன்னோடதுதானே? இல்ல, அதையும் வேறு சிலர் போட்டாங்களா?"

சின்னவளின் கண் நிறைந்தது. "அண்ணாதான் போடச் சொன்னான்."

"என்ன சொன்னாரு?"

"'மூணு தடவை போய் மனசு விட்டுப்போயிருக்கா, ஆறுக்குக் கீழ பார்த்தா எழுதுறதையே நிறுத்திடுவா, கொஞ்சம் தூக்கிப் போடு'ன்னு. முதல்ல அரை மார்க்தான் தூக்கினேன் அண்ணி. அப்புறம் ஒவ்வொரு வாரமும் கூடக் கூடத் தூக்க வேண்டியதாப் போச்சு."

"கூடக் கூடன்னா?"

சின்னவள் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து நீட்டினாள். தேதி வாரியாக அவளுக்கென்று எழுதி வைத்திருந்த நிஜ மார்க்குகள். ஆறரை. ஆறரை. ஆறு. ஆறு. ஐந்தரை. நேற்று முன்தினம் எழுதிய கடைசிக் கட்டுரை, ஐந்தரை.

நர்ஸம்மா அந்த வரிசையை மேலிருந்து கீழாகவும், கீழிருந்து மேலாகவும் பார்த்தாள். "இறங்கியிருக்கேன்."

"அண்ணாவோட லிஸ்ட் வர்றதுக்கு முன்னாடி நீங்க ஆறரை அண்ணி," என்றாள் சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "வார்த்தை ஏற ஏற மார்க் இறங்குது. எங்க புரொபசர் பார்த்தா ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல கேள்விக்குறி போடுவாரு."

நல்ல நேரம் பார்த்துக் கதவு திறந்தது. டிரைவர் ஷிப்ட் முடித்து, சட்டைப் பையில் பத்துப் புதுச் சீட்டுகளோடு உள்ளே வந்தார்.

"வா நர்ஸம்மா! கடைசி நேரத்துக்குன்னு பத்து முத்தான வார்த்தை..."

நோட்டைப் பார்த்தார். தங்கையின் முகத்தைப் பார்த்தார். சீட்டுகளை மெதுவாகப் பைக்குள் திரும்பப் போட்டார்.

"போட்டுக் குடுத்துட்டியா?" என்றார் தங்கையிடம்.

"அவளை ஏன் மிரட்டுறீங்க? என்கிட்ட பேசுங்க. என்ன நினைச்சு இதைச் செஞ்சீங்க?"

"உனக்காகத்தான்."

"எனக்காக எனக்கே பொய் சொன்னீங்களா?"

"பொய்யில்ல, ஒரு ஊக்கம். நீ ராத்திரியெல்லாம் தூங்காம அழுதது யாருக்குத் தெரியும்? எனக்குத்தானே தெரியும்? அப்ப நான் என்ன பண்றது? நான் பஸ் ஓட்டுறவன். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இடைவேளைல டிப்போல உட்கார்ந்து வார்த்தை வெட்டுறதுதான். மூணு மாசமா டீகூடக் குடிக்காம வெட்டியிருக்கேன்!"

"நீங்க வெட்டின வார்த்தையைத்தான் இன்னைக்கு மேனேஜர் எடுத்து என் கழுத்துல வச்சாங்க!"

கேப்டன் கதையைச் சொன்னாள். 'சிலர்', 'வேறு சிலர்', 'இரு தரப்பு' எல்லாம் சொன்னாள். சின்னவள் அழுகைக்கு நடுவே ஒரு தடவை சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். டிரைவர் சிரிக்கவில்லை. சுவரோரம் இருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அது ரிப்போர்ட்டு, இது கட்டுரை. ரெண்டும் வேறதானே?" என்றார் பலவீனமாக.

"ரெண்டையும் எழுதுறது ஒரே ஆளுதாங்க. நான் என்ன நினைக்கிறேன்னு எனக்கே தெரியாத மாதிரி எழுதப் பழக்கிட்டீங்க."

"பழக்கினது நான். சரி. எழுதினது நீதானே? உனக்குத் தெரிய வேணாமா?"

நியாயமான கேள்விதான். அதுதான் எரிச்சலை இன்னும் கிளப்பியது. அந்த வார்த்தைகள் பிடித்துத்தான் இருந்தன. கண்ணாடியில் பார்த்துச் சொல்லும்போது, மாத்திரை டப்பாவைத் தொட முடியாத ஆளாக இல்லாமல் வேறு யாரோ போல இருந்தது. அதை இவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் இன்னும் நூறு சீட்டு வெட்டுவார்.

காலணியைக் கழற்றி மூலையில் எறிந்தாள். மேஜையில் இருந்த எல்லாவற்றையும் ஒரு பக்கமாகத் தள்ளினாள். வெள்ளைத் தாளை எடுத்தாள்.

"தலைப்புக் குடு."

"இப்பவா?" என்றாள் சின்னவள்.

"நாளைக்கு ஒன்பது மணிக்கு அவங்க குடுப்பாங்க. அதுக்கு முன்னாடி நீ ஒண்ணு குடு. நாப்பது நிமிஷம் வை. நிஜமாத் திருத்து. ரெண்டு வந்தாலும் ரெண்டுன்னே போடு."

சின்னவள் போனில் தேடினாள். "வயசானவங்களைப் பார்த்துக்க வேண்டியது குடும்பமா, அரசாங்கமா?"

"இதுக்கு ஏத்த வார்த்தை லிஸ்ட்ல பன்னெண்டு இருக்கு," என்று டிரைவர் நாற்காலியில் இருந்து பாதி எழுந்தார்.

"ஏங்க. வெளில போங்க."

"எங்க போறது?"

"பஸ் ஓட்டிட்டு வாங்க."

"இப்பத்தான்டீ ஓட்டிட்டு வர்றேன்!"

"இன்னொரு டிரிப் அடிங்க."

டிரைவர் சமையலறைவரைக்கும் போய், சத்தமாகப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தார்.

நர்ஸம்மா எழுதினாள். யார் பார்த்துக்கொள்ள வேண்டும்? அவளுக்கு இதில் ஒரு கருத்து இருந்தது. அதுவே ஆச்சரியமாக இருந்தது. ஒன்பது வருஷம் ஊரிலும் இரண்டு வருஷம் இங்கேயும் பெரியவர்களைத் தூக்கி, திருப்பி, துடைத்தவளுக்குக் கருத்து இல்லாமலா போகும்? முதல் வரியிலேயே அதை எழுதினாள். பட்டியல் வார்த்தை ஒன்று தானாக வந்தது, இடம் சரியாக இருந்தது, விட்டுவிட்டாள். இன்னொன்று வந்து இடித்தது, அடித்தாள். இரண்டாவது பத்தி. மூன்றாவது பத்தி.

இருபத்தெட்டாவது நிமிஷத்தில் அவள் போன் அடித்தது. மேனேஜரம்மா.

"அண்ணி, நேரத்தை நிறுத்தட்டுமா?"

"ஓடட்டும். நாளைக்கு அங்க யாரும் நிறுத்த மாட்டாங்க," என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள்.

"கேப்டனோட பையன் உன் புது ரிப்போர்ட்டைப் படிச்சாரு," என்றார் மேனேஜரம்மா. "பிரச்சினை கூடிப்போச்சு. இந்த ரெண்டும் ஒரே ஆள் எழுதினதுன்னு அவர் நம்ப மாட்டேங்கிறாரு. ரெண்டாவதை நாங்க சொல்லிச் சொல்லி எழுத வச்சோம்னு சொல்றாரு. உன் வாயால கேட்கணுமாம். நாளைக்குக் காலைல ஒன்பதரைக்கு வர்றாரு."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"ஒன்பது மணிக்கு எனக்குப் பரீட்சை மேடம்."

"தெரியும். மாத்தி வைக்க முடியாதா?"

"மாத்தினா அடுத்த மாசம்தான். நர்ஸ் இடம் இந்த மாசக் கடைசியோட மூடிடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். ஆனா அவர் புகார் குடுத்துட்டா அந்த இடத்துக்கு உன் பேரே நிக்காது. அதையும் யோசி."

யோசித்தாள். முயற்சி செய்கிறேன் மேடம், பார்க்கிறேன் மேடம், சொல்லி அனுப்புகிறேன் மேடம் என்று வழக்கமான மூன்றும் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"காலைல வர முடியாது மேடம். பரீட்சை முடிச்சிட்டு ரெண்டு மணிக்கு வர்றேன். அவர் முன்னாடி உட்கார்ந்து சொல்றேன். நான் திரும்பினேன், கேப்டன் எழுந்தார், விழுந்தார். எத்தனை தடவை கேட்டாலும் அதுதான்."

"ரெண்டு மணிவரைக்கும் அவர் காத்திருப்பாருங்கிற நம்பிக்கை எனக்கு இல்ல. கூப்பிட்டும் நீ வரலைன்னு நான் எழுத வேண்டியிருக்கும்."

"எழுதுங்க மேடம். எங்க போயிருக்கேன்னும் சேர்த்து எழுதுங்க."

போன் துண்டிக்கப்பட்டது. தானாகத் துண்டித்ததா, அவர் கோபத்தில் வைத்தாரா, தெரியவில்லை.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். சின்னவள் கண்ணைச் சிமிட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரத் தட்டோடு டிரைவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். தட்டிலிருந்து தண்ணீர் அவர் கால்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னவாம்? வேலை போச்சா?"

"தெரியலங்க."

"தெரியலன்னா? போகலாமா வேணாமா நாளைக்கு? ஏதாவது சொல்லேன்!"

"பரீட்சைக்குப் போறேன்," என்றாள் நர்ஸம்மா. "இன்னும் ஒன்பது நிமிஷம் இருக்கு. பேசாம இருங்க."

கடைசிப் பத்தியின் முதல் வார்த்தையை எழுதினாள்.